மூப்பு, மறதிநோய், பல நாட்டு ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிமென்ஷியா, அதாவது மறதிநோய், பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம். ஆனால் மறதியை எப்படி அளக்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், இந்தத் துறையின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

வயதானால் மறதி வரத்தானே செய்யும், அதை ஏன் நோய் என்கிறார்கள்?

தெரிந்தவர் பெயர் சட்டென்று நாக்கில் வராமல், அரை மணி நேரம் கழித்துக் குளிக்கும்போது ஞாபகம் வருவது வயதின் வேலை. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்டுவிட்டு, கேட்டதே தெரியாமல் ஐந்தாவது முறையும் கேட்பது, பழகின தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, இத்தனை காலம் தானே பார்த்துவந்த பணக்கணக்கு பிடிபடாமல் போவது, இதெல்லாம் வேறு ரகம். டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரும் இல்லை. மூளை செல்கள் ஏதோ ஒரு காரணத்தால் சேதமாகி, அன்றாட வாழ்க்கையே தடுமாறுகிற நிலைக்குப் பொதுப்பெயர் அது. அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். ரத்தக்குழாய்ச் சேதத்தால் வருவது, நரம்பு செல்லுக்குள் புரத உருண்டைகள் சேர்வதால் வரும் லூயி பாடி வகை என்று மற்றவையும் உண்டு. வயது கூடக்கூட ஒரே ஆளிடம் இரண்டு மூன்று வகை கலந்தே இருக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல் இந்த நிலையில் இருந்தவர்கள் சுமார் 5.7 கோடி பேர். அவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள். இந்தக் கடைசிப் புள்ளிவிவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதுமையை ஆராய்பவர்களும் மறதிநோயை ஆராய்பவர்களும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தார்கள்?

ரொம்ப நாள் சேரவே இல்லை. 1901ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த அந்தப் புகழ்பெற்ற நோயாளி அகுஸ்டே டேட்டருக்கு வயது வெறும் 51. 1906ல் அவர் இறந்தபோது அல்சைமர் மியூனிக்குக்கு வேலை மாறிப் போயிருந்தார், மூளையை அங்கே அனுப்பி வைத்தார்கள். (ஆய்வு மாதிரிகளை ஊர்விட்டு ஊர் அனுப்பும் பழக்கம் இந்தத் துறையில் முதல் நோயாளியிலேயே ஆரம்பித்துவிட்டது.) அதனால் அல்சைமர் என்றால் நடுவயதில் வரும் அபூர்வ நோய் என்றும், எழுபது எண்பதில் வருவது வெறும் முதுமைத் தளர்ச்சி என்றும் அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள். மூளையை வெட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்பது 1960களிலும் 70களிலும்தான் பரவலாக ஏற்கப்பட்டது.

இன்னொரு பக்கம், முதுமை என்பது தானாக நடக்கும் தேய்மானம், அதில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் 1993ல் ஆட்டம் கண்டது. அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றியதும் அதன் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. மூப்பின் வேகத்துக்குக் கட்டுப்பாட்டுக் குமிழ் ஏதோ இருக்கிறது என்றாகிவிட்டது. 2013ல் மூப்பின் அடையாளங்கள் என்று ஒன்பதைப் பட்டியலிட்டார்கள், 2023ல் அது பன்னிரண்டானது. பிரிவதை நிறுத்திவிட்டும் சாகாமல் அழற்சிப் பொருட்களைக் கசியவிட்டபடி இருக்கும் கிழட்டு செல்கள், பழுதான புரதங்களைச் செல் சரியாக அப்புறப்படுத்த முடியாமல் போவது, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சோர்வது, ஓயாத லேசான அழற்சி, இப்படிப் போகிறது பட்டியல். இதில் பாதியை அல்சைமர் மூளையிலும் அப்படியே பார்க்கலாம். வயதுதான் இந்த நோய்க்கு மிகப்பெரிய ஆபத்துக் காரணி என்றால், வயதாகும்போது செல்லுக்குள் நடப்பதை விட்டுவிட்டு நோயை மட்டும் தனியாகப் படித்து என்ன பிரயோஜனம்?

ஒரு பெரிய பணக்கார ஆய்வகமே இதைச் செய்ய முடியாதா, ஏன் இத்தனை நாடு சேர வேண்டும்?

சில வேலைகளைச் செய்ய முடியும், முக்கியமானவற்றைச் செய்ய முடியாது. மரபணுத் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஓஇ என்ற மரபணுவின் ஏபிஓஇ4 என்ற வகை அல்சைமர் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது 1993லேயே ஒரு குழுவின் உழைப்பில் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதன் விளைவு பெரியது. மற்ற மரபணுக்களின் விளைவு ஒவ்வொன்றும் துளித்துளி. அவற்றைப் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் போதாது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கையில் இருந்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டி 2013ல் 74,046 பேரின் தரவை அலசியபோது ஒரே அடியில் 11 புதிய மரபணு இடங்கள் கிடைத்தன. 2022ல் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தபோது மொத்தம் 75 இடங்கள் ஆயின. அவற்றில் பல, மூளையின் துப்புரவுப் படையான மைக்ரோகிளியா செல்களோடு சம்பந்தப்பட்டவை. நரம்பு செல்லையே பார்த்துக்கொண்டிருந்த துறை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பக்கம் திரும்பியதற்கு இந்தக் கூட்டு முயற்சி ஒரு பெரிய காரணம்.

எண்ணிக்கையை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஓரிடத்தில் உண்மையாக இருப்பது இன்னோரிடத்தில் உண்மையா என்பதை அந்த இடத்துக்குப் போகாமல் சொல்ல முடியாது. நைஜீரியாவின் இபதானில் வாழும் யொருபா மக்களையும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் ஒரே முறையில் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்குப் புதிதாக டிமென்ஷியா வந்தவர்கள் இபதானில் 1.35 சதவீதம், இண்டியானாபொலிஸில் 3.24 சதவீதம் என்று 2001ல் வெளியிட்டார்கள். இதைவிட ஆச்சரியம், ஏபிஓஇ4 வகை யொருபா மக்களிடமும் நிறையவே இருந்தது, ஆனால் நோயோடு அதற்கு இருந்த தொடர்பு அங்கே பலவீனமாக இருந்தது. ஆக, உலகத்துக்கே பொது என்று நினைத்த மரபணுகூட இடம் பார்த்துத்தான் வேலை செய்கிறது.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் இரண்டு மொழி விஷயம். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா அறிகுறிகள் சுமார் நான்கு வருடம் தள்ளி வருகின்றன என்று 2007ல் டொரண்டோவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. உடனே ஒரு நியாயமான சந்தேகமும் வந்தது. அங்கே இரு மொழிக்காரர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள், தள்ளிப்போட்டது மொழியா, குடியேறும் அளவுக்கு அவர்களிடம் இருந்த திடமா? கனடாவிலேயே உட்கார்ந்து இதைப் பிரிப்பது கஷ்டம். ஹைதராபாத்தில் சுலபம், பிறந்து வளர்ந்த ஊரிலேயே தெலுங்கு, உருது, இந்தி என்று பேசுபவர்கள் ஏராளம். நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் தாமஸ் பாக்கும் சேர்ந்து 648 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள், 2013ல் முடிவு வந்தது: இரு மொழிக்காரர்களுக்கு நான்கரை வருடம் தாமதம், பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அதே போக்கு. (நல்ல நிலையில் இருப்பவர்களை முன்கூட்டியே சேர்த்துத் தொடர்ந்து பார்த்த எல்லா ஆய்விலும் இது கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஒரே பரிசோதனையை மூன்று இடத்தில் செய்வது வீண் செலவில்லையா?

அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆயுள் ஆய்வில் பழைய பாவம் ஒன்று உண்டு, ஒரு லேபில் நீண்ட நாள் வாழ்ந்த எலி அடுத்த லேபில் வாழாது. அதனால்தான் அமெரிக்காவில் ஒவ்வொரு பொருளையும் ஒரே நேரத்தில் மூன்று மையங்களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் திட்டம் வந்தது. ராபாமைசின் என்ற மருந்து அப்படித்தான் தேறியது. 1964ல் ஒரு கனடியக் குழு ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது அது. 600 நாள் வயதான, அதாவது நம் கணக்கில் கிட்டத்தட்ட 60 வயது எலிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தும் மூன்று மையத்திலும் ஆயுள் கூடியது, 90 சதவீத எலிகள் இறந்துபோகும் வயதை வைத்துப் பார்த்தால் பெண் எலிக்கு 14, ஆண் எலிக்கு 9 சதவீதம். 2009ல் வெளியான அந்த முடிவை யாரும் சுலபமாகத் தள்ளிவிட முடியாமல் போனதற்குக் காரணம் மருந்தை விட அந்த மூன்று இடங்கள்தான்.

புழுக்களில் இதே மாதிரி மூன்று லேப் சேர்ந்தபோது முதலில் எதுவுமே ஒத்துப்போகவில்லை. கிளறிப் பார்த்தால், ஒரு லேப் வயதை முட்டை பொரிந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறது, மற்றவை முட்டையிட்ட நாளிலிருந்து! புழுவை எப்படி எடுத்து வைப்பது என்பதில்கூட வித்தியாசம். அதையெல்லாம் சரிசெய்யவே வருடக்கணக்கில் ஆனது.

சரி, புழுவுக்கே இந்தப் பாடு என்றால் மனிதர்களின் மறதியை எல்லா நாட்டிலும் எப்படி ஒரே மாதிரி அளக்கிறார்கள்?

இதைத்தான் விடாதீர்கள் என்றேன். ஞாபகச் சோதனைகளில் பெரும்பகுதி படித்தவர்களுக்காகப் படித்தவர்கள் எழுதியவை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இந்த ஐங்கோணத்தைப் பார்த்து வரை, இந்த வாக்கியத்தைப் படித்து அதன்படி செய். பேனாவே பிடிக்காத ஒருவர் ஐங்கோணம் வரையத் தடுமாறினால் அது மூளையின் கோளாறா, வாழ்க்கை அவருக்குக் கொடுக்காத வாய்ப்பா? பாலைவனத்தில் வளரும் முள்செடியின் பெயர் என்ன என்று கேட்பது ஒரு பிரபலமான அமெரிக்கக் கேள்வி. கள்ளிச்செடியே கண்ணில் படாத ஊரில் வாழ்பவருக்கு அதைக் கேட்டு மதிப்பெண் குறைத்தால் யார் மேல் தப்பு?

உறவினரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் சிக்கல் உண்டு. பணம் கையாள முடிகிறதா, தனியாக வெளியே போகிறாரா என்று கேட்பார்கள். வீட்டு வேலை, கணக்கு எல்லாவற்றையும் இளையவர்கள் எடுத்துக்கொண்டுவிட்ட குடும்பத்தில் பெரியவரிடம் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் அவர் எதையும் செய்ய வேண்டிய நிலையே இல்லை.

1998ல் தொடங்கிய 10/66 என்ற குழுவின் பெயருக்கே ஒரு கணக்கு உண்டு: மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆனால் மக்கள்தொகை ஆய்வுகளில் 10 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் அங்கே. அவர்கள் லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா என்று பல இடங்களில் சோதித்து, படிப்பு குறைவாக இருப்பதை நோய் என்று தவறாக எண்ணாத ஒரு கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். பிறகு அமெரிக்காவின் முதியோர் ஆய்விலிருந்து ஒரு பொதுச் சோதனைத் தொகுப்பு பிறந்தது, இங்கிலாந்து, மெக்சிகோ, சீனா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று ஒவ்வொரு நாடும் அதைத் தன் மக்களுக்குப் பொருந்த மாற்றிக்கொள்கிறது, ஆனால் ஒப்பிட முடியாத அளவுக்கு மாற்றிவிடவும் கூடாது. இந்தியப் பதிப்பிலிருந்து 2023ல் வந்த மதிப்பீடு, 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். செய்தியில் இந்த எண் ஒரு வரிதான். அதன் பின்னால் ஒரு வார்த்தையை மொழிபெயர்க்க நடந்த மாதக்கணக்கான வாக்குவாதம் எந்தச் செய்தியிலும் வராது.

கொலம்பியாவில் ஒரு குடும்பம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஆண்டியோகியா மலைப்பகுதியில் ஒரு பெரிய உறவுக்கூட்டம். பிரெசெனிலின் 1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. அது இருந்தால் நாற்பதுகளின் நடுவில் ஞாபகம் குறைய ஆரம்பித்து ஐம்பதை ஒட்டி முழு டிமென்ஷியா, கிட்டத்தட்டத் தவறாமல். ஃபிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் மருத்துவர் 1980களிலிருந்து 2024ல் இறக்கும் வரை அந்தக் குடும்பங்களை விடாமல் தொடர்ந்தார். போதைப்பொருள் கும்பல்களும் ஆயுதக் குழுக்களும் ஆண்ட வருடங்களும் அதில் அடக்கம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மணிக்கு அந்த மாற்றம் இருந்தும் எழுபது வயது தாண்டும் வரை ஒன்றும் ஆகவில்லை. அவரை விமானத்தில் பாஸ்டனுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தால், மூளை நிறைய அமிலாய்டு (அல்சைமரில் நரம்பு செல்களுக்கு வெளியே படியும் புரதம்), ஆனால் செல்லுக்குள் சேரும் டாவ் புரத முடிச்சு மிகக் குறைவு. அவரிடம் ஏபிஓஇ மரபணுவிலும் ஓர் அபூர்வ மாற்றம் இரண்டு பிரதியாக இருந்தது, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் முதலில் கண்டதால் கிறைஸ்ட்சர்ச் மாற்றம் என்று அதற்குப் பெயர். 2019ல் இதை வெளியிட்டார்கள், அவர் இறந்தபின் மூளையை ஹாம்பர்க்கில் ஆராய்ந்தார்கள். நாலு ஊரில் எந்த ஒன்று விடுபட்டிருந்தாலும் இந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமிலாய்டு நிறைய இருந்தும் நோய் வராமல் தடுக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது என்று தெரிந்ததும், அதை மருந்தாகப் பின்பற்றப் பலர் முயல்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் மருந்து எங்கே?

லண்டனில் 2013 டிசம்பரில் ஜி8 நாடுகள் கூடி 2025க்குள் குணமாக்கும் அல்லது நோயின் போக்கை மாற்றும் சிகிச்சை என்று இலக்கு வைத்தார்கள். குணமாக்கும் மருந்து வரவில்லை. போக்கை மாற்றும் மருந்து, கணக்குக்கு வந்துவிட்டது. மூளையிலிருந்து அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் என்ற மருந்தைப் பல நாடுகளில் 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், மருந்து பெறாத குழுவை விடச் சரிவு 0.45 புள்ளி குறைந்தது. இதையே 27 சதவீதம் மெதுவானது என்று சொன்னால் பெரிதாகத் தெரியும், இரண்டும் ஒரே உண்மை. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, ஏபிஓஇ4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்க அனுமதி 2023ல். அடுத்த வருடம் அதே வகை மருந்தான டொனானெமாபுக்கும் அனுமதி. இரண்டுமே நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், தொடர்ந்து ஸ்கேன் பார்க்க வசதி வேண்டும். முதல் படி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நோயாளியும் குடும்பமும் கண்ணால் உணரும் அளவு மாற்றமா என்பதில் இருக்கிறது.

அமிலாய்டு கதையே மோசடி என்று படித்தேனே?

அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் பற்றி 2006ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் படங்கள் மாற்றப்பட்டிருந்தது வெளியே வந்து, 2024ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். வெட்கக்கேடு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அமிலாய்டு படிவதுதான் நோயைத் தொடங்கி வைக்கிறது என்ற கருதுகோள் நிற்பது அந்தக் கட்டுரையின் மேல் இல்லை, பரம்பரை அல்சைமர் குடும்பங்களின் மரபணுக்களின் மேல். டௌன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அமிலாய்டு மரபணு இருக்கும் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல், அவர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வருவதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. அமிலாய்டு மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி, அதற்கு மேலே சொன்ன கொலம்பியப் பெண்மணியே பதில்.

மருந்தில்லாமல் தடுக்க ஏதாவது?

பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்ததில் அறிவுத்திறன் ஓரளவு மேம்பட்டது, 2015ல் வெளியானது. பிரான்சிலும் நெதர்லாந்திலும் செய்த வேறு பெரிய சோதனைகள் அவ்வளவு சாதகமாக இல்லை. அப்புறம் பின்லாந்து முறையைப் பல நாடுகள் தங்களுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன. அமெரிக்கப் பதிப்பு 2,111 பேரோடு 2025ல் முடிவு சொன்னது: கட்டுக்கோப்பான குழு சற்று முன்னே, ஆனால் தாமாகவே செய்துகொண்ட குழுவும் முன்னேறியிருந்தது. டிமென்ஷியாவே குறையுமா என்று சொல்ல இன்னும் பல வருடம் பார்க்க வேண்டும்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் சொன்ன 45 சதவீதம் பற்றி ஒரு வார்த்தை. காது கேளாமை, ரத்த அழுத்தம், புகை, படிப்பின்மை, தனிமை என்று 14 காரணிகளை உலகத்திலிருந்தே நீக்கிவிட்டால் மொத்த நோயில் அவ்வளவு குறையலாம் என்பது மக்கள்தொகைக் கணக்கு. நீங்கள் தினமும் நடந்தால் உங்கள் ஆபத்து 45 சதவீதம் குறையும் என்று அதற்கு அர்த்தமில்லை.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது அக்கித் தடுப்பூசி. வேல்ஸில் 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு அந்த ஊசி இல்லை, அன்றோ அதன்பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு என்று 2013ல் ஒரு விதி வந்தது. பிறந்த நாளில் சில வாரம் வித்தியாசமுள்ள இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டால் போதும், மற்ற எல்லாமே ஒரே மாதிரி. ஊசி போட்டவர்களுக்கு ஏழு வருடத்தில் டிமென்ஷியா சுமார் 20 சதவீதம் குறைவு. ஆஸ்திரேலியாவிலும் இப்படியொரு வயது எல்லை இருந்தது, அங்கும் அதே திசையில் முடிவு. யாரும் திட்டமிடாத பரிசோதனை இரண்டு கண்டத்தில் ஒத்துப்போகிறது, எனக்கு இது பல கோடி ரூபாய் சோதனைகளை விட நம்பகமாகப் படுகிறது.

பணக்கார நாடுகள் ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுரை எழுதிக்கொள்கின்றன, இதுதானே ஒத்துழைப்பு?

பல இடங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது, பாராசூட் ஆய்வு என்றே இதற்குப் பெயர். மரபணுத் தரவில் மிகப்பெரும்பகுதி இன்னும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது, அதை வைத்துச் செய்த ஆபத்து மதிப்பெண் மற்றவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. இப்போது கேட்க வேண்டியவை தெளிவாகிவிட்டன: மாதிரி எங்கே உறைநிலையில் இருக்கிறது, அதைத் தொட யார் அனுமதி வேண்டும், கட்டுரை ஆசிரியர்கள் பட்டியலில் பெருமை போய்ச் சேரும் முதல் இடமும் கடைசி இடமும் யாருக்கு, மருந்து வந்தால் சோதனைக்கு உடம்பைக் கொடுத்த ஊருக்குக் கிடைக்குமா.

என் தரவு எல்லை தாண்டிப் போகுமா?

பெயர், முகவரி போகாது, குறியீட்டு எண்தான் போகும். 2004ல் தொடங்கிய அட்னி என்ற அமெரிக்கத் திட்டம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளை உலகில் தகுதியுள்ள எந்த ஆய்வாளர் விண்ணப்பித்தாலும் கொடுத்தது, துறையின் பழக்கத்தையே அது மாற்றியது. ஆனால் மரபணு வரிசையில் பெயர் இல்லாவிட்டாலும் அது உங்களுடையதுதான். 2018ல் ஐரோப்பியத் தரவுச் சட்டம் வந்தபின் வெளியே அனுப்புவது கடினமானது, அதனால் தரவு இருந்த இடத்திலேயே இருக்க, கணக்கிடும் நிரல் மட்டும் ஒவ்வொரு நாடாகப் போய் விடையோடு திரும்பும் முறை பெருகுகிறது.

உயிரியல் வயது சொல்லும் டெஸ்ட் வாங்கலாமா?

2013ல் ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் பொதுவில் கிடந்த சுமார் 8,000 மாதிரிகளின் தரவிலிருந்து, டிஎன்ஏவின் மேல் ஒட்டும் வேதிக்குறிகள் 353 இடங்களில் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வயதைக் கணித்தார். அருமையான ஆய்வுக்கருவி. உங்களுக்கு 52 வயது, செல்லுக்கு 47 என்று ஒரு காகிதம் வந்தால் அதை வைத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

ஆய்வில் சேர ஆசை, எனக்கு நோய் இல்லையே?

நோய் இல்லாதவர்கள்தான் அதிகம் தேவை, ஒப்பிட ஆள் வேண்டுமே. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். முடிவுகளை உங்களுக்குச் சொல்வார்களா என்று கேளுங்கள், ஏபிஓஇ4 இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் அதையும் எழுதிக் கொடுக்கலாம். எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம். ஏதோ ஒரு கட்டத்தில் இறந்தபின் மூளையைத் தருவீர்களா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகள் அப்படிச் சம்மதித்ததால்தான், மூளை நிறைய நோய் அடையாளங்கள் இருந்தும் கடைசி வரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு என்று தெரிந்தது. சம்மதித்தால் குடும்பத்தில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், மூளையைச் சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் போன் செய்யப்போவது அவர்தான்.